இரும்பு சொல்லும் சாட்சி

ஒரு பொருளுக்கு வயது ஏற ஏற அதன் மேல் இரண்டு விஷயங்கள் படிகின்றன. ஒன்று துரு, மற்றொன்று கதை. துருவைச் சுரண்டி எடுக்க ஊருக்கு ஒரு கொல்லன் இருப்பான். கதையைச் சுரண்டிப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்தப் பொருள் துப்பாக்கியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாத்தாவின் குடைக்குக் கதை கிடையாது. தாத்தாவின் துப்பாக்கிக்குக் கதை இல்லாமல் இருக்க முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் இத்தகைய கதைகளுக்கு நல்ல விளைநிலம். ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் தெற்கே சாலையோடு போனால், மேற்கே மலை கூடவே வருகிறது. ராஜபாளையத்தைத் தாண்டினால் சேத்தூர், சிவகிரி என்று பழைய பாளையங்கள். அப்புறம் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, கடைசியில் செங்கோட்டை. மலையடிவாரத்துச் சனங்களுக்கு வேட்டையும் தெரியும், காவலும் தெரியும். ராஜபாளையத்து வெள்ளை நாய் வேட்டைக்கென்றே பேர் வாங்கியது என்பது உலகமறிந்த சங்கதி.

ஆனால் இதே வட்டாரத்தில்தான் ஆயுதத்தை ஜனங்களிடமிருந்து பிடுங்கும் வேலையும் மும்முரமாக நடந்தது. 1799ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் விழுந்தது. அதே ஆண்டு மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கினார்கள். அதன் பின் கும்பெனி சர்க்கார் பாளையங்களின் கோட்டைகளை இடித்தது. ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவிட்டது. 1878ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கியது.

இதனால் என்ன ஆயிற்று? வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தங்கள்தான் உண்டு என்று ஆயிற்று. ஒன்று, அந்த வீட்டார் சர்க்காருக்கு வேண்டியவர்கள். வெள்ளைக்காரத் துரை கையால் லைசென்ஸ் வாங்கியவர்கள். அல்லது, சர்க்காரை எதிர்த்து ஒளித்து வைத்தவர்கள். சுதந்திரம் வருமட்டும் முதல் கதைக்கு மவுசு இருந்தது. 1947க்குப் பிறகு இரண்டாவது கதைக்கு மவுசு வந்துவிட்டது. துப்பாக்கி என்னவோ மாறவில்லை.

இரண்டாவது வகைக் கதைகள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் ஒன்றே: மணியாச்சி.

1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் தேதி. திருநெல்வேலிக் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் தம் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மணியாச்சி சந்திப்பில் வண்டி நின்றது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டிக்கு வந்து கலெக்டரைச் சுட்டான். பிறகு ஸ்டேஷன் கழிப்பிடத்துக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். சதி வழக்கில் 14 பேர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுத் தண்டனை. வாஞ்சிக்குப் புதுச்சேரியில் சுடப் பழக்கியவர் வ.வே.சு. ஐயர் என்று சரித்திராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதி நம் சிறுகதைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று நாம் கொண்டாடுகிற அதே ஐயர்தான். மென்மையான அந்தக் கதையை எழுதிய கையும் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கையும் ஒன்று என்பதைச் சிறுகதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதுவரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதோடு போய்விட்டது. (இப்போதைய விருதுநகர் மாவட்டம் 1985ல் பிறந்தது.) எனவே மணியாச்சிச் சம்பவத்தின்போது இந்த ஊர்களுக்கு ஆஷ் கலெக்டர் அல்ல. ஆனாலும் செங்கோட்டைச் சாலை இந்த ஊர்கள் வழியாகத்தானே வருகிறது! சாலை வழியாக ஆள் வருவான். ஆளோடு பேச்சு வரும்.

அந்தப் பேச்சில் வாஞ்சியின் கையில் இருந்தது 'ரிவால்வர்' என்று ஆகிவிடுவதுண்டு. அது ரிவால்வர் அல்ல. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். இரண்டும் கையில் பிடித்துச் சுடுவதுதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிவால்வர் என்றால் சுழல்வது. நடுவில் ஓர் உருளை. அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்கும். பின்னாலிருக்கும் சுத்தி தோட்டாவின் பிட்டத்தில் அடிக்கும், குண்டு பாயும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836ல் தம் நாட்டில் இதற்கு உரிமை பெற்றார். பிரௌனிங் பிஸ்டலில் உருளை கிடையாது. கைப்பிடிக்குள் ஒரு தட்டையான டப்பி. அதில் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒன்று வெடித்த வேகத்திலேயே காலிக் கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா தானாக மேலே ஏறி உட்காரும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் இதை உருவாக்க, பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் இருக்கும் எஃப்.என். கம்பெனி செய்து விற்றது. தட்டையாக இருப்பதால் சட்டைப்பைக்குள் மறைக்க வசதி.

துப்பறிகிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். ரிவால்வர் தன் காலிக் கூடுகளைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு போய்விடும். பிஸ்டல் அவற்றைச் சம்பவம் நடந்த இடத்திலேயே துப்பிவிட்டுப் போகும்.

கூட்டைவிடவும் அதிகமாகப் பேசுவது ஆயுதத்தின் மேல் பொறித்திருக்கும் எண். மணியாச்சிக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1909 டிசம்பர் 21ஆம் தேதி, நாசிக்கில் கலெக்டர் ஜாக்ஸன் நாடகம் பார்க்க வந்த இடத்தில் சுடப்பட்டார். சுட்டவன் அனந்த கான்ஹரே என்ற வாலிபன். அவன் கையில் இருந்ததும் ஒரு பிரௌனிங். லண்டனில் இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ அமீன் என்பவர் ஊருக்குத் திரும்பும்போது, பெட்டியின் பொய் அடித்தட்டில் 20 பிரௌனிங்குகள் வந்தன என்பது விசாரணையில் வெளியாயிற்று. அனுப்பியவர் சாவர்க்கர் என்று வழக்கு லண்டன் வரைக்கும் நீண்டது.

கல்கத்தாவில் நடந்தது இன்னும் விசேஷம். 1914 ஆகஸ்ட் 26ஆம் தேதி ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் காணாமல் போயின. மாட்டுவண்டியில் ஏற்றிய பெட்டிகள் புரட்சிக்காரர் கைக்குப் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு பிஸ்டலுக்கும் எண் உண்டு. அந்த எண்களைக் கம்பெனிக் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு வங்காளத்தில் எங்கே ஒரு மௌசர் பிடிபட்டாலும் கணக்கைப் புரட்டி, 'இது ரோடாவில் போனது' என்று போலீஸார் சொல்ல முடிந்தது. கடைக்காரன் கணக்குக்காக எழுதி வைத்த எண் ஆட்களைச் சிறைக்கு அனுப்ப உதவியது. அதே எண்தான் இன்று சரித்திரக்காரனுக்கு உதவுகிறது.

எண் மட்டுமல்ல. பழைய ரிவால்வர் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அதன் உடம்பெல்லாம் பச்சை குத்தியிருப்பது தெரியும். செய்தவன் பெயர் ஓரிடம். மாதிரியின் பெயர் ஓரிடம். சில சமயம் ஆண்டு. பரிசோதனை முத்திரை ஓரிடம். நகைக்கு மாற்றுப் பார்த்து முத்திரை குத்துவதுபோலத் துப்பாக்கிக் குழலுக்கும் உண்டு. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்துச் சிதறாமல் தாங்கினால் முத்திரை. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637லேயே அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. இரண்டு ஊர் முத்திரைகளிலும் கிரீடம் உண்டு. கிரீடத்தின் கீழே உள்ள எழுத்துக்கள்தான் ஊரைக் காட்டும். பெல்ஜியத்து லியேஜ் முத்திரை முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துக்கள். 1893 முதல் அந்த வளையத்தின் தலையில் ஒரு கிரீடம் ஏறிற்று. ஆகவே கிரீடம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே ஒரு காலக்கோடு கிடைக்கிறது. பிரிட்டிஷ் சர்க்கார் சொத்தாக இருந்தால் அகன்ற அம்புக்குறி ஒன்று இருக்கும். சர்க்கார் அதை வேண்டாம் என்று விற்றுவிட்டால் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

ராஜபாளையத்தில் ஒரு பழைய வீடு. பெரியவர் பரம்பரை ரிவால்வர் ஒன்றை வைத்திருக்கிறார். குழலுக்குள் இரும்பை உருக்கி அடைத்து, சுத்தியின் மூக்கை அறுத்துப் பல காலம் ஆகிவிட்டது. இனிச் சுட வழியில்லை. அலமாரிக்கு அழகாக இருக்கட்டும் என்று பட்டறையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். பட்டறைக்காரன் நல்ல வேலைக்காரன். துருவெல்லாம் போக அரைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து, புதுக் கறுப்பு ஏற்றி, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டான். 1911ல் மணியாச்சிச் சம்பவத்துக்குப் பிறகு செங்கோட்டைக்காரர் ஒருவர் ராவோடு ராவாக வந்து தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ரிவால்வர் அது என்பது வீட்டுக் கதை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மருமகன் வந்திருக்கிறார். கையில் ஒரு பூதக்கண்ணாடி.

"நல்லாப் பாருங்க மாப்பிள்ளை. வாஞ்சி கூட்டத்தோட சாமான்" என்கிறார் பெரியவர்.

மருமகன் இடது பக்கம் பார்க்கிறார். இரும்பில் தேய்ந்தும் தேயாமலும் நான்கு வரிகள். வெப்ளி என்று கம்பெனிப் பெயர். ஆறாம் மாதிரி என்பதற்கு ரோமன் எண். உரிமை பெற்றது என்று ஒரு வார்த்தை. கடைசியில் 1917.

வெப்ளி பர்மிங்ஹாம் கம்பெனி. அதன் ஆறாம் மாதிரியைப் பிரிட்டிஷ் ராணுவம் 1915ல் ஏற்றுக்கொண்டது. ஆறு அங்குலக் குழல். கட்டை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினால் குழலும் உருளையும் ஒன்றாக முன்னால் மடங்கும். மடங்கும்போதே காலிக் கூடுகள் ஆறும் மேலே எழும்பும். முந்திய மாதிரிகளின் கைப்பிடி கிளி மூக்குப்போல வளைந்திருக்கும். இதில் சதுரமாக வெட்டியிருக்கும். ஆண்டு தேய்ந்துபோயிருந்தால்கூட அந்தக் கைப்பிடி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். 1915ல் வந்த மாதிரி 1911ல் யார் கையிலும் இருந்திருக்க முடியாது.

மருமகன் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உருளையைத் திருப்புகிறார். சட்டத்தில் ஓர் எண். உருளையில் வேறோர் எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை. ஆக, எங்கோ எப்போதோ ஒரு துப்பாக்கியின் உருளையை எடுத்து இன்னொன்றில் மாட்டியிருக்கிறார்கள்.

"என்ன, பேச்சைக் காணோம்?"

"மாமா, இது 1917ல் செஞ்சது."

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்போ எங்க தாத்தா பொய் சொன்னார்ங்கிறீங்களா?" என்கிறார். குரலில் கோபமில்லை; அதுதான் மருமகனுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"தாத்தாவைப் பத்தி இந்த இரும்பு ஒண்ணும் சொல்லலை மாமா. தான் பொறந்த வருஷத்தை மட்டும்தான் சொல்லுது."

என் கற்பனை மருமகன் கெட்டிக்காரர். அவர் சொன்னது சாமர்த்தியமான பதில் மட்டுமல்ல, சரியான பதிலும்கூட. முத்திரை ஒரு கதையை அடித்துவிட முடியும். அந்த இடத்தில் வேறு கதையைத் தானாக எழுதி வைக்காது. 1911ல் ஓர் இரவு யாரோ வந்தது உண்மையாகவே இருக்கலாம். அவர் கொடுத்தது வேறு பொருளாக இருக்கலாம். அல்லது, 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்துக்குக் கடல் கடந்துபோன பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரில் இந்த வீட்டுப் பிள்ளையும் ஒருவராக இருந்து, மெசபடோமியாவில் வெயிலிலும் பசியிலும் கிடந்து, திரும்பி வரும்போது இதைக் கொண்டு வந்திருக்கலாம். அப்படியானால் அது மறைக்க வேண்டிய கதையா? வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டார் அவரை வாஞ்சியின் கூட்டாளி ஆக்கிவிட்டார்களோ என்னவோ! அப்படிச் செய்தால் வாஞ்சிக்கும் நியாயமில்லை. பாலைவனத்தில் கிடந்த அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை.

இதைத் தீர்த்துச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று இருந்தது. சர்க்கார் விற்றதா, களத்திலிருந்து வந்ததா என்பதை அந்த அம்புக்குறிகள் காட்டியிருக்கும். அவை இருந்திருக்க வேண்டிய இடம் இப்போது கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பட்டறைக்காரன் மேல் பிசகில்லை. துருவை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தான். துருவோடு தாத்தாவின் சரித்திரமும் அரைச் சக்கரத்தில் தூளாகப் பறந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1928 டிசம்பர் 17ஆம் தேதி லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுடப்பட்டார். அந்த வழக்கில் பகத் சிங்குடைய ஆயுதமாகக் குறிக்கப்பட்டது அமெரிக்கக் கோல்ட் கம்பெனியின் .32 பிஸ்டல். அது எங்கே போயிற்று என்று வெகுகாலம் பேச்சே இல்லை. 1969ல் பஞ்சாபிலுள்ள பில்லோர் போலீஸ் பயிற்சிக் கல்லூரியிலிருந்து, வேறு சில ஆயுதங்களோடு சேர்ந்து, இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே பழைய ஆயுதங்களுக்குத் துருப் பிடிக்காமலிருக்கக் கறுப்பு வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். 2016ல் விசாரணை கிளம்பி, வர்ணத்தைச் சுரண்டி எண்ணைப் பார்த்தார்கள். 168896. வழக்குத் தஸ்தாவேஜில் இருந்த அதே எண். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சிக்கு வந்தவர்கள் பக்கத்தில் நடந்துபோன ஒரு கறுப்பு இரும்புத் துண்டு, ஆறு இலக்கங்களால் ஒரே நாளில் பகத் சிங்கின் பிஸ்டல் ஆகிவிட்டது.

வர்ணம் பூசியவர்கள் எண்ணை மறைத்தார்கள், அழிக்கவில்லை. அதனால் தப்பித்தது. அரைச் சக்கரம் பிடித்திருந்தால் அந்த ஆயுதம் என்றைக்கும் பெயரில்லாமல் போயிருக்கும்.

சட்டமும் இந்த விஷயத்தில் சரித்திரத்தின் பக்கம்தான் நிற்கிறது, வேறு காரணத்துக்காக. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிக்கவும் மாற்றவும் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய மாதிரியாகவோ பழமைச் சிறப்புள்ளதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுடப் பயன்படாத ஆயுதத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. 'ரிப்பேர் செய்தாலும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கெட்டுக் கிடக்கிறது என்பது மட்டும் போதாது. சீர்செய்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். பரம்பரைச் சொத்து என்று அலமாரியில் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறைக்கு எடுத்துப் போவது நல்லதல்ல. முதலில் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

அதற்குப் பிறகும் செய்ய வேண்டியது அதிகமில்லை. மென்மையான துணியும் கொஞ்சம் எண்ணெயும் போதும். உப்புத்தாள் வேண்டாம், சக்கரம் வேண்டாம். எழுத்து இருக்கிற ஒவ்வோர் இடத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். சட்டத்தின் எண், குழலின் எண், உருளையின் எண் மூன்றையும் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும். கூடவே இன்னொரு காகிதத்தில் வீட்டுக் கதையையும் எழுதி வைக்க வேண்டும்: யார் சொன்னார்கள், எந்த ஆண்டு சொன்னார்கள், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று. இரும்பு சொல்வது ஒரு காகிதம். மனிதர் சொல்வது ஒரு காகிதம். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதுவதால்தான் குழப்பம் எல்லாம்.

இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் இரும்பின் பேச்சை முதலில் கேட்பதுதான் முறை; அதற்கு ஊராரிடம் மதிப்பு வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மனிதர் பேச்சைக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது. எந்த ஆண்டில் எதற்காக ஒரு குடும்பம் அப்படிச் சொல்ல ஆசைப்பட்டது என்பதும் சரித்திரம்தான். வாஞ்சியின் பெயரைச் சொல்ல நடுங்கிய வீடுகள் ஒரு காலத்தில் இருந்தன. அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ள ஆசைப்படும் வீடுகள் பின்னால் வந்தன. அந்த மாற்றம் எந்தத் துப்பாக்கியிலும் பொறித்திருக்காது. அதைச் சொல்ல மனிதர்தான் வேண்டும்.